கொடியைப் பிடுங்கும் நேரம்

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று மதியம் சாப்பிடும்போது அத்தை என்னைப் பார்த்து, “உங்கப்பாகிட்ட அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்றாள். அப்பா அத்தைக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தார். உப்பு அவருடைய முழங்கையை உரசிக்கொண்டு இருந்தது. நான் மேசையின் மறுகோடியில்.

“அப்பா, உப்பைத் தள்ளணுமாம்” என்றேன்.

“உங்க அத்தைகிட்ட சொல்லு, பொறுமையா அதே இடத்துல உக்காந்திருந்தா உப்பு தானா வரும்னு.”

நான் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அம்மா எழுந்து வந்து உப்பை எடுத்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அத்தை உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தாள்.

பின்னாளில் இதைப் படிக்கப்போகும் பெரியவளான எனக்காகக் காரணத்தையும் எழுதிவைக்கிறேன். பெரியவளானால் நிறைய மறந்துவிடுமாம். அம்மாவைப் பார்த்தாலே தெரிகிறது.

எங்கள் ஏரியில் வருடத்துக்கு ஒருமுறை ஜோடித் தூண்டில் போட்டி நடக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கொடி. கரையில் அதை எங்கே நடுகிறார்களோ அதுதான் அவர்கள் இடம். அந்த இடத்துக்குள் பிடித்த மீன்தான் கணக்கு. போட்டி முடிவதற்குள் ஒரே ஒரு தடவை கொடியைப் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். ஆக, முழுப் போட்டியும் ஒரே கேள்விதான்: எப்போது இடம் மாறுவது?

அப்பாவும் அவருடைய அக்காவான அத்தையும் பல வருடமாக ஒரு ஜோடி. அப்பா கட்சி: மீன் கடிக்கவில்லையா, கிளம்பு. அத்தை கட்சி: மீன் கடிக்கவில்லையா, உட்கார். போன வருடம் அத்தை “வேண்டாம்டா, வேண்டாம்டா” என்று சொல்லச் சொல்ல அப்பா கொடியைப் பிடுங்கினார். போட்டியில் இருந்த எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஓடிவந்து தன் கொடியை அதே குழியில் நட்டார். புது இடத்துக்குப் போய் அத்தை மூச்சு வாங்கி முடிக்கவில்லை, அவர் ஒரு கெண்டையை இழுத்துக் கரையில் போட்டார். தலையணை அளவு இருந்தது.

அன்றிலிருந்து அத்தை அப்பாவோடு பேசுவதில்லை. “அவளே முதல்ல பேசட்டும்” என்று அப்பாவும் பேசுவதில்லை. வீடு இருவருக்கும் பொது. அத்தை மாடியில், நாங்கள் கீழே, நடுவில் நான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அத்தைக்குத் தபால் நிலையத்தில் வேலை. ஆனால் வீட்டுத் தபால் முழுவதும் என் தலையில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கெட்ட செய்தி. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை வழக்கம்போல உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். (அத்தை எங்கள் வீட்டு சோபாவில் உட்காரவே மாட்டாள். எப்போதும் உயரமான இடம்தான். தலைமைப் பண்பு உள்ளவர்களின் அடையாளம் இது.) திடீரென்று சொன்னாள்: “நான் வேற வீடு பார்த்திருக்கேன். தபால் ஆபீசுக்குப் பின் தெருவுல. கீழ் வீடு.”

அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. “என்ன அண்ணி, திடீர்னு?”

“பேசாத வீட்டுல எத்தனை நாளுக்கு இருக்கறது? போட்டி முடியட்டும். மாறிடறேன்.”

முன்னறையில் அப்பா ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துவைத்திருந்தார். அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர்; கடையில் மிஞ்சும் வேலையை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவருக்கு நிச்சயம் கேட்டிருக்கும். கடிகாரத்தைத் திரும்பப் பொருத்தி மாட்டியபோது மேசையில் ஒரு பல்சக்கரம் மிஞ்சியிருந்தது. அப்பாவுக்கு இதுவரை எதுவும் மிஞ்சியதே இல்லை.

நான் மாடியில் அத்தையின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் படிப்பேன். அந்த ஜன்னல் வழியாக ஏரியில் ஒரு துண்டு தெரியும். அத்தை போய்விட்டால்? எனக்கு வேண்டியது ஜன்னல் இல்லை. அத்தை மாடியில் கயிற்றோடு நின்று என்னைப் “பண்டிதை, கூடை இறக்கறேன், பாலை வை” என்று கத்துவாளே, அது.

இன்னொன்றும் புரியவில்லை. தூண்டில் போட்ட இடத்தை விட்டு அசையாத அத்தை, பிறந்த வீட்டை விட்டு மட்டும் எப்படிக் கிளம்புகிறாள்?

பிப்ரவரி 11, செவ்வாய்

நூலகத்துக்குப் போய் மீன்பிடிப்பு பற்றித் தடிமனான ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். என் திட்டம் இது. போன வருடம் இடம் மாறியது சரியா தப்பா என்று விஞ்ஞானப்படி நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால் தப்புச் செய்தவர் மன்னிப்புக் கேட்பார். அத்தை வீட்டை விட்டுப் போகமாட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். “யார் தப்புன்னு நிரூபிச்சா சமாதானம் வந்துடும்னு உனக்கு யாரு சொன்னது? அந்தப் புத்தகமா?” என்று கேட்டுவிட்டு இரவு டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். அம்மா நர்ஸ். எல்லாவற்றிலும் அவநம்பிக்கை.

முக்கியமான வாக்கியம் நடுப்பக்கத்தில் இருந்தது: ‘நீண்ட நேரம் மீன் கடிக்காவிடில் இடம் மாறுதல் நலம், ஆயினும் அவசரம் கூடாது.’

நீண்ட நேரம் என்றால் எவ்வளவு? ‘ஆயினும்’ என்றால் என்ன அர்த்தம்? இந்த ஒரே வாக்கியத்தில் அப்பாவும் ஜெயிக்கிறார், அத்தையும் ஜெயிக்கிறாள். எழுதியவருக்கும் ஒரு அக்காவோ தம்பியோ இருந்திருக்க வேண்டும்.

புத்தகத்தை நம்பிப் பயனில்லை. நேரில் ஆராய வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் ஆராய்ச்சி: அத்தையோடு ஏரிக்கு.

கரைக்குப் போனதும் அத்தை முதலில் தண்ணீரைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தாள். ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து, தாழ்வு என்று ஒதுக்கினாள். இன்னொன்றில் உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். மூன்றாவது கல்லில் அமர்ந்தாள்.

“கல் அவ்வளவு முக்கியமா அத்தை?”

“கல்லுதான் முதல்ல. மீனெல்லாம் அப்புறம்.”

இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். ஆழமான கருத்து.

அத்தையின் பக்கத்தில் ஒரே தைல வாசனை. மீனைக் கவர ஏதாவது பூசியிருக்கிறாளோ என்று கேட்டேன். “ஆமா ஆமா” என்றாள். என்ன தைலம் என்று கேட்டதற்கு, “தொழில் ரகசியம்” என்றாள்.

மீன் கடிக்கவில்லை. நிழல் நகர்ந்து வெயில் எங்கள் மேல் வந்தது. “மாறிடலாமா அத்தை?” “உக்காரு.” பக்கத்தில் யாரோ ரேடியோ போட்டார்கள். “மாறிடலாமா?” “உக்காருடி.” கடைசியில் ஒரு நாய் வந்து எங்கள் மாவு உருண்டையை எல்லாம் தின்றது. அப்போதும் அத்தை கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைத் திட்டினாள்.

இப்படி ஒரு பொறுமையை நான் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

இரண்டாவது ஆராய்ச்சி: அப்பாவோடு.

முற்றிலும் வேறு முறை. தூண்டிலைப் போடுகிறார், உற்றுப் பார்க்கிறார், தலையைச் சாய்த்துப் பார்க்கிறார், “இந்த இடம் சரியில்ல” என்கிறார், கிளம்புகிறார். காலையில் ஏரியைப் பாதி சுற்றிவிட்டோம். வாளியைத் தூக்கித் தூக்கி என் கையில் கோடு விழுந்துவிட்டது.

அடிக்கடி என்னிடம், “மிதவை அசையுதா சொல்லு?” என்று கேட்பார்.

“உங்களுக்கே தெரியுமே அப்பா?”

“எனக்குத் தெரியும். உன் கவனத்தைச் சோதிக்கறேன்.”

கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். பெருமையாக இருந்தது.

ஒருமுறை அப்பா மெதுவாகக் குனிந்து, “வருது பாரு... வருது... மூச்சு விடாதே...” என்று கிசுகிசுத்தார். நான் மூச்சு விடவில்லை. ஆனால் அவர் பார்த்தது மிதவையை அல்ல, ஒரு நீர்க்கோழியை. மிதவை அதற்கு வெகு தூரம் இடப்பக்கம் இருந்தது. நீர்க்கோழி முங்கியது. அப்பா ஒரே இழுப்பாக இழுத்தார். காலி முள் பறந்துவந்து என் பையில் மாட்டிக்கொண்டது.

“இந்த இடம் சரியில்ல” என்றார்.

பறவைகளின் நடத்தையை வைத்து மீனைக் கணிப்பது பற்றிப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அப்பா அதைப் படிக்காமலே அறிந்திருக்கிறார்!

இருவரும் அவரவர் வழியில் மேதைகள். அதுதான் சிக்கல்.

மார்ச் 1, சனி

போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். புழு விற்கும் கடைக்காரர்தான் போட்டியை நடத்தும் சங்கத்துக்குத் தலைவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். தூங்கும்போதும் கழற்றமாட்டார் என்று அத்தை சொல்வாள். அத்தையின் ஜோடி நான். அத்தை உடனே ஒத்துக்கொண்டாள்.

அப்பாவுக்குச் செய்தி போனதும் கொஞ்ச நேரம் கடிகாரத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உங்க அத்தைகிட்ட சொல்லு. நல்ல ஜோடிதான்னு” என்றார்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். அத்தை, “அவன் யாரோட சேரறானாம்?” என்றாள். கீழே வந்து கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“எனக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் தூங்கக் கிடைக்குது” என்றாள் அம்மா.

“அங்க வந்து தூங்கேன்.”

“அப்ப சரி.”

மார்ச் 5, புதன்

இன்று பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் நுழைந்தால் மாடிப்படியில் அத்தையின் முதுகு இறங்கி வந்துகொண்டிருந்தது. ஏணியில் இறங்குவதுபோல, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக. ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. சில வசவுகளை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கடைசிப் படியில் திரும்பியவள் என்னைப் பார்த்தாள்.

“எப்ப வந்தே?”

“அத்தை, முட்டி வலியா?”

“எந்த முட்டி?”

“ரெண்டும்.”

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாம் சொன்னாள். ஒன்றரை வருடமாக வலி. போன வருடம் அந்தக் கரைச் சரிவில் ஏறி இறங்க அவளால் முடியவில்லை. “அதான்டி வேண்டாம்டா வேண்டாம்டான்னேன். மீனாவது மண்ணாவது. ஏறிப் போய் உக்காந்தப்ப எனக்கு உயிரே போயிடுச்சு.”

“அப்பாகிட்ட அதைச் சொல்லியிருக்கலாமே.”

“அவன்கிட்டயா? சின்ன வயசுல மரத்து உச்சியில ஏறி அவனுக்குக் காய் பறிச்சுப் போட்டவடி நான். இப்ப அவன் முன்னாடி படி ஏற முடியலன்னு சொல்லவா? அக்கா கிழவி ஆயிட்டான்னு ஊரைக் கூட்டிச் சிரிப்பான். நீ வாயைத் திறந்தேன்னு வெச்சுக்கோ, மாடிப் பக்கமே வராதே. சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன்.

உயரமான ஸ்டூல். கல். தைலம். கயிற்றில் இறங்கும் பால் கூடை. ‘கீழ் வீடு.’ நான் தத்துவம் என்று அடிக்கோடிட்டதெல்லாம் முட்டிவலி.

மார்ச் 7, வெள்ளி

இன்று மாலை அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போனேன். துணிக்கடை வாசலில் அப்பா நின்று, கைகூப்பி, “வணக்கம் சார்” என்றார். கொஞ்ச தூரம் வந்ததும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, “உங்க தலைமையாசிரியர் ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கறார்? ஸ்கூல்ல ஏதாவது பண்ணியா?” என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். கோட்டு போட்ட பொம்மை.

அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பக்கத்தில் காட்டினேன். அப்பா பொம்மையைப் பார்த்தார். பொம்மை அப்பாவைப் பார்த்தது.

“அவர் மாதிரியே பண்ணி வெச்சிருக்கான்” என்றார்.

“அப்பா, உங்களுக்குத் தூரத்துல கண்ணு தெரியலையா?”

“எனக்கா? முடி கனம் இருக்கற ஸ்குரூவை மாட்டறவன் நான்!”

“அது பக்கத்துல. மிதவை தெரியுமா?”

அப்பா என் கையை விட்டுவிட்டு வேகமாக நடந்தார். “தெரியும். எங்கயோ இருக்குன்னு தெரியும்” என்றார். பிறகு, “வெயில் முதுகுப் பக்கம் இருந்தா கொஞ்சம் நல்லாவே தெரியும். எந்த இடத்துல உக்காந்தா தெரியும்னுதான் தேடிட்டே இருப்பேன்.”

போன வருடம் கொடியைப் பிடுங்கியதும் அதற்காகத்தான்.

“கண்ணாடி போடலாமே அப்பா.”

“கண்ணு போன ஆள்கிட்ட எவன் கடிகாரம் குடுப்பான்? அதை விடு. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா? குருடன் கொடியைப் பிடுங்கிட்டான்னு தபால் ஆபீஸ்ல முத்திரை குத்திக்கிட்டே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பா. சத்தியம் பண்ணு.”

இதற்கும் சத்தியம் செய்தேன்.

மார்ச் 8, சனி

என்ன குடும்பம் இது? ஒருத்தருக்குக் கால் வலி, அதை வைராக்கியம்னு சொல்லிக்கறாங்க. ஒருத்தருக்குக் கண்ணு தெரியல, அதைச் சுறுசுறுப்புன்னு சொல்லிக்கறாங்க. ரெண்டு பேரும் மீனைப் பத்தி ஒரு வருஷமா சண்டை. மீனுக்கு இதுல சம்பந்தமே இல்ல! ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் தீர்ந்துடும். அந்த ஒரு வார்த்தையை ரெண்டு பேரும் என் வாய்க்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க.

கோபம் தணிந்தபின் எழுதுகிறேன். அம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல, “ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தர்கிட்ட சொன்னாதான் நல்லது நடக்கும்னா, சொல்லலாமா?” என்று கேட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டே, “எது, முட்டியா, கண்ணா?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?!”

“நான் நர்ஸ்டி.”

“அப்ப ஏன் சொல்லல?”

“ரெண்டு பேரும் தனித்தனியா சத்தியம் வாங்கிட்டாங்க.”

அத்தை சாமான் கட்ட அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்துவிட்டாள். மாடி வராந்தாவில் அடுக்கியிருக்கிறது.

மார்ச் 15, சனி

நாளை போட்டி. யோசித்துப் பார்த்தேன். சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம். சொல்லச் சொல்வதையெல்லாம் சொல்லியே தீருவேன் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

உடம்பெல்லாம் சேறு. குளித்துவிட்டு எழுதுகிறேன். ஒன்றையும் விடக்கூடாது.

விசில் ஊதியதும் அத்தையும் நானும் மேடான நல்ல கல்லாகப் பார்த்துக் கொடி நட்டோம். எங்களுக்கு இடப்பக்கம், கரை வளைந்து திரும்பும் இடத்தில், பல் டாக்டரும் அவர் மனைவியும். அப்பாவும் அம்மாவும் எதிர்க்கரையில். அம்மா பாயை விரித்துப் போர்த்திக்கொண்டதை இங்கிருந்தே பார்த்தேன்.

கடி இல்லை. காற்று திசை மாறியது. புத்தகப்படி நாங்கள் இடம் மாறியிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். “நல்ல பொண்ணு” என்றாள்.

எதிர்க்கரையில் அப்பா தலையைச் சாய்க்க ஆரம்பித்தார். அடுத்து கொடியில் கை வைப்பார் என்று தெரியும். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

“அப்பா, எங்களுக்கு வலப்பக்கம் இடம் காலியா இருக்கு. அங்க வெயில் முதுகுப் பக்கம்.”

அப்பா என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார். கொடியைப் பிடுங்கிவிட்டார். அம்மா போர்வையோடு எழுந்து நடந்துவந்து புது இடத்தில் போர்வையோடு படுத்தாள். கண் திறந்தமாதிரி தெரியவில்லை.

இப்போது அப்பா, நடுவில் நான், அந்தப் பக்கம் அத்தை. வீட்டில் நடப்பது மாதிரியே.

“உங்கப்பாகிட்ட சொல்லு, ஏரி பெருசுன்னு” என்றாள் அத்தை.

“உங்க அத்தைகிட்ட சொல்லு, ஏரி பொதுன்னு” என்றார் அப்பா.

நான் வாய்க்குள் ஒரு ரொட்டித் துண்டைத் திணித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

வெகு நேரம் போனது. அப்பா மிதவையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அது பல் டாக்டரின் வெள்ளை மிதவை. வளைவு தாண்டி இந்தப் பக்கம் ஒதுங்கி வந்திருந்தது. அப்பாவின் சிவப்பு மிதவை அவருடைய காலுக்கு நேரே இருந்தது. அது லேசாகத் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. சரேலென்று உள்ளே போய்விட்டது.

அத்தை பார்த்துவிட்டாள். “ஏய், உங்கப்பாகிட்ட சொல்லு!”

நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன்.

“ஏய் பண்டிதை! காதுல விழலையா? உங்கப்பாகிட்ட—”

வார் நன்றாகத்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். கரையில் ஊன்றியிருந்த அப்பாவின் கோல் வளைந்தது. அப்பா வெள்ளை மிதவையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

“டேய்!” என்று அத்தை கத்தினாள். ஏரியே திரும்பிப் பார்த்தது. “டேய் தம்பி! இழுடா! அது அந்தப் பல்லு டாக்டரோடதுடா! உன்னுது சிவப்பு! காலுக்கு நேரா! இழுடா குருடா!”

அப்பா இழுத்தார். கோல் வில்லாக வளைந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு முதுகு தெரிந்தது — போன வருடத் தலையணையெல்லாம் இதன் குழந்தை. “அக்கா, வலை! அக்கா, வலையைக் கொண்டா!” என்று அலறினார்.

அத்தை வலையோடு கல்லிலிருந்து எழுந்தாள். ஒரு அடி வைத்தாள். அடுத்த அடி வரவில்லை. முட்டி மடங்கி, சரிவில் சறுக்கி, வலையைத் தலைக்குமேல் பிடித்தபடியே போய்ச் சேற்றில் உட்கார்ந்தாள்.

அப்பா கோலைப் போட்டுவிட்டார். யோசிக்கவே இல்லை. போட்டுவிட்டு ஓடினார்.

“மீனுடா! மீனைப் பிடிடா!”

“மீன் கிடக்கட்டும், எழுந்திரு அக்கா.”

“எழுந்திருக்க முடிஞ்சா உக்காந்திருப்பேனாடா?”

அப்பா சேற்றில் இறங்கி அவளைத் தூக்கப் பார்த்தார். நானும் போனேன். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

“முட்டியா? எத்தனை நாளா?” என்றார் அப்பா.

“உனக்குக் கண்ணு எத்தனை நாளா?” என்றாள் அத்தை.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். “உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு பேரும் சத்தியம் வாங்கினீங்களே!” என்றேன்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். சேறு அப்பாவின் மூக்கு வரைக்கும் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபமாக இருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. எனக்குத்தான் ஏனோ அழுகை வந்தது. சேற்றில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த நேரத்தில் அப்பாவின் கோல் தானாக ஏரியில் போய்க்கொண்டிருந்தது. மீன் அதை இழுத்துக்கொண்டு நேராக வளைவுக்குப் போனது. பல் டாக்டர் எட்டிக் கோலைப் பிடித்தார். நிதானமாக நூலைச் சுற்றினார். மனைவி வலை நீட்டினார். போட்டி முடிந்ததாக விசில் ஊதினார்கள்.

“விதிப்படி என் கொடிக்குள்ள வந்த மீன்” என்றார் பல் டாக்டர். கோலை மட்டும் துடைத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அப்பாவும் அத்தையும் அவரைப் பற்றிப் பேசிய பேச்சை எழுத என் நாட்குறிப்பில் இடமில்லை. ஆனால் இருவரும் ஒரே குரலில் பேசினார்கள். ஒருவர் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் எடுத்தார். வீடு வந்து சேரும்வரை என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

அம்மா வண்டியில் கண்ணைத் திறந்து, “ஜெயிச்சோமா?” என்று கேட்டாள்.

மார்ச் 17, திங்கள்

பேசிவிட்டார்கள், சரி. ஆனால் அட்டைப்பெட்டிகள் இன்னும் வராந்தாவில் இருக்கின்றன.

மாலையில் அப்பா படியேறிப் போனார். நான் பின்னாலேயே போய்ப் பாதிப் படியில் நின்றேன்.

“அதான் பேசிட்டோமே அக்கா. இன்னும் ஏன் போகணும்?”

“பேச்சுக்காகப் போறேன்னு நெனச்சியா? படிடா. காலையில இறங்கறப்பவே சாயந்திரம் ஏறணுமேன்னு பயமா இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போக வெக்கமா இருந்துச்சு. சண்டைன்னு சொன்னா கௌரவமா இருந்துச்சு.”

அப்பா படிப் பக்கம் திரும்பினார். இறங்கி வந்தார். பாதியில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல (அல்லது நிஜமாகவே பார்க்காமல்) போனார். ஹாலின் நடுவில் நின்று சோபாவைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

மார்ச் 18, செவ்வாய்

“இந்த இடம் சரியில்ல” என்று அப்பா காலையில் அம்மாவிடம் சொன்னார். அம்மா, “அலமாரியை நீங்கதான் தூக்கணும்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 29, சனி

அலமாரி படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. கீழே நின்று அத்தை வழி சொல்கிறாள். அப்பா வேறு வழி சொல்கிறார். மாடிக்குக் குடிபோகும் நாங்கள் மேலேயும், கீழே குடிவரும் அத்தை கீழேயும் நிற்கிறோம். நான் அலமாரிக்கு மேல்பக்கம் இருப்பதால் இன்று மதியம் எனக்குச் சாப்பாடு கூடையில் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஏரியின் அந்தத் துண்டு இங்கிருந்து தெரிகிறது. இனி இது என் மேசை. கீழே வாசலோரம் அத்தைக்கு உயரமான நாற்காலி போட்டிருக்கிறது. அட்டைப்பெட்டிகளில் இப்போது அப்பாவின் பழைய கடிகாரங்கள்.

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ‘ஆயினும்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டேன். நூலகர் கவனிக்கவில்லை.

இருவரும் ஏரிக்குக் கிளம்புகிறார்கள். வாளி உருளும் சத்தம் கேட்கிறது. எந்தப் பக்கம் போவது என்று காலையிலிருந்து ஒரே சண்டை. பல் டாக்டர் போகும் பக்கம் போகக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை.

இப்போது கீழேயிருந்து அத்தையின் குரல்: “பண்டிதை! உங்கப்பாகிட்ட சொல்லு—”

பாதியில் நிறுத்திவிட்டுக் குரலை உயர்த்துகிறாள்.

“டேய்! நேரமாச்சு, இறங்கி வாடா!”

“இதோ வரேன் அக்கா, கண்ணாடியைக் காணோம்!” என்று அப்பா இங்கே அறை அறையாகத் தேடுகிறார். தலையணையைத் தூக்கிப் பார்க்கிறார். என் மேசைக்கு அடியிலும் பார்த்துவிட்டார்.

கண்ணாடி அவருடைய நெற்றிமேல் இருக்கிறது. சொல்லலாம்தான். ஆனால் சொல்லச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லையே.